உடன்பிறந்தார் உரையாடலும் மின்கருவிகளும்

சில ஆண்டுகளுக்கு முன், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையிலுள்ள ஒரு சிற்றூருக்கு அலுவலொன்றன் பொருட்டுச் சென்றிருந்தேன். பொழுது படும் வேளை. ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, அவ்வீட்டுத் தாயார் ஒரு செய்தியைப் பெருமையோடு சொன்னார். "எனக்கு நான்கு பிள்ளைகள், ஐயா. முன்பெல்லாம் இந்நேரத்தில் ஒரே சண்டையும் கூச்சலுமாக இருக்கும். ஆளுக்கொரு போன் வாங்கிக் கொடுத்த பிறகு சண்டை என்பதே இல்லை" என்றார். உள்ளே நோக்கினேன். நால்வரும் இருந்தனர். ஒருவன் கட்டிலில், ஒருத்தி யன்னலோரத்தில், இளையவர் இருவரும் ஒரே பாயில், ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டியபடி. ஒவ்வொரு முகத்திலும் ஒரு சிறிய ஒளி. வீடு உண்மையிலேயே அமைதியாகத்தான் இருந்தது.

அந்த அமைதி எனக்கு உவப்பளிக்கவில்லை. அதற்குக் காரணம் யாது என்பதையே நேயர்களோடு சிறிது ஆராய விரும்புகின்றேன்.

கைத்தொலைபேசி பிள்ளைகளைக் கெடுக்கின்றது என்று பொதுப்படக் கூறுவோர் பலர் உளர். அக்கூற்றை வழிமொழிவதற்கு நான் வரவில்லை. வானொலி வந்தபோதும் அவ்வாறே கூறினர். தொலைக்காட்சி வந்தபோதும் அவ்வாறே கூறினர். என் கருத்து வேறு. வீட்டிலுள்ள கருவி ஒன்றேயாக இருந்து, அதனைப் பலர் பகிர்ந்துகொள்ள நேரும்போது, உடன்பிறந்தார் ஒருவரோடொருவர் பேசியே ஆகவேண்டும். முறை கேட்கவேண்டும், விட்டுக்கொடுக்கவேண்டும், பேரம் பேசவேண்டும், சில வேளை சண்டையும் பிடிக்கவேண்டும். கருவிகள் பலவாகி ஆளுக்கொன்றாய்ப் பிரிந்தவுடன், அப்பேச்சுக்குத் தேவை இல்லாமற் போகின்றது. ஆகவே, கருவி எத்தகையது என்பதைக் காட்டிலும், வீட்டில் எத்தனை கருவிகள் உள்ளன, அவை எவர் கையில் உள்ளன என்பவையே உரையாடலைப் பெரிதும் தீர்மானிக்கின்றன.

இஃது எல்லா நாட்டுக்கும் பொருந்துவதுதானே, மட்டக்களப்புக்கு இதில் என்ன தனித்தன்மை என்று சிலர் வினவலாம். தனித்தன்மை உண்டு. எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வாழும் மக்களிடையே, தமிழராயினும் முஸ்லிம்களாயினும், குடி என்பது பெரும்பாலும் தாய்வழியாகவே எண்ணப்படுகின்றது. பிள்ளை தாயின் குடியைச் சேர்ந்தது. மணமான பின் மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்குச் சென்று வாழ்வதே வழக்கம். வீடு பெண்ணுக்கே சீதனமாகச் செல்கின்றது. தாம் குடியிருந்த வீட்டை மூத்த மகளுக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த மகளுக்காக அண்மையில் இன்னொரு வீட்டைக் கட்டி அதிற் பெற்றோர் குடிபுகுவது இப்பகுதியிற் பலரும் அறிந்த காட்சி. பிறிற்றோ என்பார் 1876 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்ட முக்குவர் சட்டம், சொத்தும் தாய்வழியே இறங்கிய பழைய முறையைக் காட்டுகின்றது. அச்சட்டம் இன்று வழக்கில் இல்லை. ஆயினும் வீடு பெண்ணுக்கு என்னும் மரபு அழியவில்லை. டெனிஸ் மக்கில்வ்ரே என்னும் அமெரிக்க மானிடவியலாளர் 1969 முதல் அக்கரைப்பற்றிலே தங்கியிருந்து இவ்வழக்கங்களை ஆராய்ந்து, 2008 ஆம் ஆண்டில் ஒரு பெருநூலாக வெளியிட்டிருக்கின்றார்.

பெண்ணுக்கு வீடு வேண்டுமாயின், அதனைக் கட்டுவோர் யார்? தந்தையோடு தோள்கொடுப்பவர் உடன்பிறந்த ஆண்மக்களே. அக்காவுக்கும் தங்கச்சிக்கும் வீடு எழும்பும்வரை தம் திருமணத்தைத் தள்ளிவைத்த அண்ணன்மாரை இவ்வாவிக்கரையில் எந்த ஊரிலும் காணலாம். அவ்வாறு உழைத்தவன் பின்னர் தன் மனைவியின் வீட்டுக்குப் போய்விடுகின்றான். சகோதரிகளோ வேலிக்கு வேலி அயலவராய் ஆயுள் முழுவதும் வாழ்கின்றனர். எனவே இங்கே உடன்பிறந்தாரிடையே நிகழும் பேச்சு வெறும் பாசப் பேச்சன்று. காணி, கல், மண், பொன், யாருக்கு முதலிற் கலியாணம், யார் எவ்வளவு கொடுப்பது என்பவையெல்லாம் அப்பேச்சிலே தங்கியிருக்கின்றன. பதினைந்து வயதில் ஒருவரோடொருவர் கதைக்கப் பழகாத அண்ணனும் தங்கையும், இருபத்தைந்தாவது வயதில் ஒரு வீட்டைப் பற்றி முடிவெடுக்க உட்காரவேண்டும். அந்த நாளை நினைத்தே அன்று அத்திண்ணையில் எனக்கு உவகை பிறக்கவில்லை.

சிறுவயதுச் சண்டையால் விளையும் பயன் யாது என்பதைப் பற்றி உளவியலாரும் ஆராய்ந்துள்ளனர். இங்கிலாந்தில் ஜூடி டன் என்னும் அம்மையார் ஆய்வுகூடத்தை விட்டு நீங்கி, கேம்பிரிட்ஜ் வட்டாரத்து வீடுகளுக்கே சென்று, சிறு பிள்ளைகள் தமக்குள் பேசுவதையும் பிணங்குவதையும் அருகிலிருந்து கவனித்தார். பிறர் உள்ளத்தில் என்ன இருக்கின்றது என்பதைப் பிள்ளை கற்றுக்கொள்ளும் முதற் பள்ளிகளுள் இப்பிணக்குகளும் ஒன்று என்பது 1988 இல் அவர் வெளியிட்ட நூலிற் காணப்படும் கருத்து. தம்பியை அழவைக்க வேண்டுமாயின், எதைச் சொன்னால் அவன் அழுவான் என்று அறிந்திருக்கவேண்டும். அவனைத் தேற்றுவதற்கும் அதே அறிவுதான் வேண்டும்.

1994 ஆம் ஆண்டில் பேர்னர் முதலிய ஆய்வாளர் வேறொரு வழியில் இதனை நோக்கினர். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்லப்படும். ஒரு சிறுவன் தன் தின்பண்டத்தை ஒரு பெட்டியில் வைத்துவிட்டு வெளியே போகின்றான். அவன் இல்லாத வேளையில் அது வேறொரு பெட்டிக்கு மாற்றப்படுகின்றது. அவன் திரும்பி வந்து எதிலே தேடுவான்? தானறிந்ததைப் பிறரும் அறிவர் என்று எண்ணும் பிள்ளை, இரண்டாவது பெட்டியைக் காட்டும். பிறர் உள்ளம் வேறு, தன் உள்ளம் வேறு என்று உணர்ந்த பிள்ளையோ முதற் பெட்டியைக் காட்டும். உடன்பிறந்தார் உள்ள பிள்ளைகள் இவ்வினாவுக்குச் சரியான விடையை முந்திக் கூறினர். பலகாரத்தை ஒளித்துவைப்பதும் கண்டுபிடிப்பதும் நாள்தோறும் நடக்கும் வீட்டிலே இது வியப்புக்குரியதன்று.

இனி, நம் வீடுகளுக்கு மின்கருவிகள் வந்த வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

1925 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் கொழும்பிலே தொடங்கிய வானொலி, வாவிக்கரைக் கிராமங்களுக்கு வந்து சேரப் பல ஆண்டுகள் சென்றன. வந்தபோதும் வீட்டுக்கொன்றாக வரவில்லை; தெருவுக்கொன்றாக வந்தது. வானொலி உள்ள வீட்டின் முற்றம் அயற்பிள்ளைகளால் நிறைந்திருக்கும். எந்த நிலையத்தைத் திருப்புவது என்று அண்ணனும் அக்காவும் வழக்காடுவர். இளையவர் கட்சி சேர்வர். 'பொங்கும் பூம்புனல்' எத்தனை வீடுகளில் விடியற்காலைக் கடிகாரமாய் இருந்தது என்பதை மூத்த நேயர்கள் அறிவார்கள். பிறந்தநாள் வாழ்த்து நிகழ்ச்சியோ உடன்பிறந்தாருக்கே உரியது போல் அமைந்திருந்தது. அண்ணன், அக்கா, தம்பி, தங்கை என்று ஒவ்வொருவர் பெயரும் வரிசையாக வாசிக்கப்படும். தன் பெயரை வாசிக்கத் தவறிவிட்டால், கடிதம் எழுதிய அக்காவின் மேற் சிறியவனுக்கு ஒரு கிழமை கோபம் இருக்கும்.

1979 இல் சுயாதீனத் தொலைக்காட்சியும், 1982 பெப்ரவரி 15 ஆந் தேதி ரூபவாகினியும் தொடங்கின. அதிற் பெரிதாகக் கூறுவதற்கு ஒன்றுமில்லை. தொலைக்காட்சி பேச்சைக் குறைத்தது உண்மை. ஆனால் எல்லோரும் ஒரே திசையை நோக்கி அமர்ந்திருந்தமையால், பார்த்ததைப் பற்றிப் பின்னர் பேசுவதற்குப் பொருள் இருந்தது.

போர்க்காலம் வேறொரு பாடத்தைக் கற்பித்தது. மின்சாரம் இல்லாத ஊர்களில், பற்றரியும் எளிதிற் கிடைக்காத காலத்தில், சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தி அதன் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டவர்கள் உண்டு. ஒருவர் மிதிபடியைக் கையால் சுற்றவேண்டும், மற்றவர் கேட்கவேண்டும். சுற்றுபவன் கை ஓய்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் ஓய்ந்துவிடும். "இனி உன் முறை" என்ற சொல்லுக்கு அக்காலத்துப் பிள்ளைகளிடையே இருந்த கனத்தை இன்று விளக்குவது கடினம்.

இங்கே நான் சற்று நின்று பேச விரும்புவது, தாய் கடல் கடந்து சென்ற வீடுகளைப் பற்றியாகும்.

மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்களாகச் செல்வது எழுபதுகளின் பிற்பகுதியில் தொடங்கி, எண்பதுகளிற் பெருகியது. இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985 இல் நிறுவப்பட்டது. மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து, போராலும் வறுமையாலும் கணவனை இழந்ததாலும் உந்தப்பட்டுச் சென்ற தாய்மார் பலர். ஏறாவூர், வாழைச்சேனை, காத்தான்குடி, செங்கலடி ஆகிய எவ்விடத்திலும் அத்தகைய வீடுகளைக் காணலாம். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளையுடைய தாய்மார் செல்வதை, 2013 இல் வந்த குடும்பப் பின்னணி அறிக்கை என்னும் விதி தடுத்தது. பொருளாதார நெருக்கடி முற்றிய 2022 இல் அவ்வெல்லை இரண்டு வயதாகக் குறைக்கப்பட்டது. தாய் சென்ற பின் வீட்டைத் தாங்குபவர் அம்மம்மாவாக இருக்கலாம். ஆயினும் தம்பி தங்கையரை நாள்தோறும் குளிப்பாட்டி, சோறூட்டி, பள்ளிக்கு அனுப்புபவள் பெரும்பாலும் மூத்த பெண்தான். தமிழர் வீட்டில் அவள் அக்கா. முஸ்லிம் வீட்டில் ராத்தா. பெயர் எதுவாயினும் சுமை ஒன்றே.

தொடக்கத்தில் தாயின் குரல் ஒலிநாடாவில் வந்தது. ஊருக்குத் திரும்பும் ஒருவர் கையில் அந்த நாடா கொடுத்தனுப்பப்படும். வீட்டிலுள்ள எல்லோரும் கூடியிருந்து கேட்பார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தாய் தனித்தனியே ஏதேனும் சொல்லியிருப்பார். ஆனால் அதை எல்லோரும் கேட்பார்கள். "தம்பியை அடிக்காதே" என்று அக்காவுக்குச் சொன்னதைத் தம்பியும் கேட்பான். "அக்கா சொல்வதைக் கேள்" என்று தம்பிக்குச் சொன்னதை அக்காவும் கேட்பாள். பதில் நாடா பதிவு செய்யும்போது யார் முதலிற் பேசுவது என்பதற்கு ஒரு பெரிய மாநாடே நடக்கும்.

அடுத்துத் தொலைபேசி வந்தது. இலங்கையில் கைத்தொலைபேசிச் சேவை 1989 இலேயே தொடங்கிவிட்டது எனினும், சாதாரண குடும்பங்களின் கைக்கு அது எட்ட நெடுங்காலம் சென்றது. அதற்கு முன் சந்தியிலுள்ள தொலைபேசி நிலையத்துக்குக் குறித்த நேரத்திற் சென்று காத்திருக்க வேண்டும். பின்னர் வீட்டுக்கு ஒரு கைத்தொலைபேசி வந்தது. அது அக்காவின் கையில் இருந்தது.

இந்த ஒரு செய்தியில் எவ்வளவோ அடங்கியிருக்கின்றது. தாய் அழைத்தால் முதலிற் பேசுபவள் அக்கா. யாருக்குக் காய்ச்சல், எந்தக் கடைக்கு எவ்வளவு கடன், தம்பி பள்ளிக்குப் போனானா இல்லையா என்பதை அவளே தெரிவிப்பாள். எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று தீர்மானிப்பவளும் அவளே. தூரத்திலிருக்கும் தாய் வீணே கலங்கக்கூடாது என்று அவள் விழுங்கிய செய்திகள் பல. தம்பி குற்றம் செய்திருந்தால், அழைப்பு வரும் நாளுக்கு முன்பே அவளிடம் வந்து குழைவான். "அக்கா, அம்மாவிடம் சொல்லாதே அக்கா." "சரி, நாளைக்கு விறகு கொத்தித் தருவாயா?" இப்படி ஓர் உடன்பாடு. இதனை ஊழல் என்று கூறுவோரும் இருக்கலாம். நான் இதனை ஆட்சி என்பேன். தன்னைவிட மூன்று நான்கு வயதே இளையவர்களை அடக்கி நடத்தவேண்டிய ஒரு சிறு பெண்ணுக்கு அந்தத் தொலைபேசியே செங்கோலாக இருந்தது.

இன்று இளையவன் கையிலும் ஒன்று உண்டு. தாய் ஒவ்வொரு பிள்ளையுடனும் இமோவிலோ வாட்சப்பிலோ தனித்தனியே பேசுகின்றார். முகத்தையும் காண்கின்றார். இதனால் தாய்க்கு உண்டாகும் ஆறுதல் அளவிடற்கரியது. ஆனால் வீட்டினுள்ளே நடப்பது வேறு. அக்கா கண்டித்தால், தம்பி அவளோடு வாதாடுவதில்லை. அறைக்குட் சென்று தாய்க்கு அழைப்பு விடுக்கின்றான். தாய் அக்காவை அழைத்து, "அவன் சின்னப் பிள்ளைதானே" என்கின்றார். ஒரு வீட்டில் நடந்ததாக நான் கேள்விப்பட்டது சிரிப்பையும் துயரையும் ஒருங்கே தந்தது. குசினியிலே சோறு ஆக்கிக்கொண்டிருந்த அக்காவிடம் பசி என்று சொல்ல மனமில்லாத தம்பி, குவைத்திலிருந்த தாய்க்குச் செய்தி அனுப்பினானாம்: "அக்காவைச் சோறு போடச் சொல்லுங்கோ." ஒரு சுவருக்கு அப்பால் செல்லவேண்டிய சொல், நாலாயிரம் கிலோமீற்றர் சென்று திரும்பி வந்தது.

மறுபக்கத்தையும் கூறாவிடின் நான் நீதி செய்தவனாகேன். இடையிலே ஒருவர் இருந்து செய்தியை வடித்தெடுப்பதில் ஆபத்தும் உண்டு. தாயில்லாத வீட்டிலே ஒரு சிறு பெண்ணுக்கு உறவினராலோ அயலவராலோ தீங்கு நேருமாயின், எவர் இடையீடுமின்றித் தாயிடம் சொல்ல அவளுக்கு ஒரு வழி வேண்டும். அக்கா நல்லவளாகவே இருந்தாலும், எல்லாவற்றையும் அவள் அறிந்திருப்பாள் என்பதற்கில்லை. தனித்தனித் தொலைபேசி அந்த வழியைத் திறந்திருக்கின்றது. இதனைச் சிறிய நன்மையாக நான் எண்ணவில்லை.

மதியானு, மில்லர் என்னும் ஆய்வாளர் இருவர், பிரித்தானியாவில் உழைக்கும் பிலிப்பீன்சு நாட்டுத் தாய்மாரையும் ஊரிலே விடப்பட்ட அவர்தம் பிள்ளைகளையும் பற்றி 2012 இல் ஒரு நூல் வெளியிட்டனர். புதிய கருவிகளால் தாம் மீண்டும் தாயாக முடிந்ததென்று தாய்மார் பெரிதும் மகிழ்ந்தனர். பிள்ளைகள் எல்லோரும் அவ்வாறு மகிழ்ந்தாரல்லர். மிக இளமையிலே பிரிந்தவர் சிலருக்கு அடிக்கடி வரும் அழைப்பு, அறிமுகமில்லாத ஒருவரின் மேற்பார்வை போலத் தோன்றிற்று. அந்நூல் பெரும்பாலும் தாயையும் பிள்ளையையும் பற்றியது. பிள்ளைகள் தமக்குள் எப்படிப் பேசிக்கொள்கின்றனர் என்ற வினாவை நம் நாட்டு ஆய்வாளர் எவரேனும் எடுத்துக்கொண்டால் நன்று.

கருவிகள் இவ்வாறு பெருகியது எப்போது? என் கணிப்பில், பெருந்தொற்றுக் காலமே திருப்புமுனை. 2020 மார்ச் மாதம் 13 ஆந் தேதி முதல் பள்ளிகள் மூடப்பட்டன. இடையிடையே திறந்தும் மூடியும், 2021 ஒக்டோபரிலேயே அவை படிப்படியாக மீண்டும் இயங்கத் தொடங்கின. பாடங்கள் தொலைபேசிக்கு வந்தன. அக்காலத்தில் இலங்கையில் நூற்றுக்கு ஏறத்தாழ 22 வீதமான வீடுகளிலேயே கணினி இருந்தது என்பது அரசின் புள்ளிவிவரத் திணைக்களம் தரும் கணக்கு. ஏனைய வீடுகள் தொலைபேசியையே நம்பின. அதுவும் தந்தையின் தொலைபேசி. தந்தை வேலைக்குப் போனால் அதுவும் போய்விடும். ஊவா மாகாணத்துப் போகிட்டியாவ என்னும் சிற்றூரில், இணையத் தொடர்பு தேடிப் பிள்ளைகள் காட்டு வழியே மலையேறிய செய்தி 2021 இல் உலகெங்கும் பரவிற்று.

மூன்று பிள்ளைகள், ஒரு தொலைபேசி. ஒரே நேரத்தில் மூவருக்கும் பாடம். யாருக்கு முதலிடம்? சாதாரண தரப் பரீட்சை எழுதவிருப்பவனுக்கா? சிறியவளுக்கா? சில வீடுகளில் சுவரிலே நேரசூசி எழுதி ஒட்டப்பட்டது. சில வீடுகளில் அக்கா தன் பாடத்தை விட்டுக்கொடுத்து, தங்கையின் பாடத்தைக் கேட்டுக் கொப்பியில் எழுதிக்கொடுத்தாள். வேறு சில வீடுகளில் அண்ணன் பாடம் என்று சொல்லி விளையாட்டிலே மூழ்கியிருக்க, தங்கையின் முறை வராமலே போயிற்று. அவள் இழந்த பாடங்களை எவரும் கணக்கிடவில்லை. பேச்சும் நிறைந்திருந்தது, அநீதியும் நிறைந்திருந்தது. அந்த அநீதியைத் தீர்க்கவே பெற்றோர் தவணைப் பணத்துக்கும் கடனுக்கும் இன்னுமொரு தொலைபேசியை வாங்கினர்; பின் மற்றொன்றையும் வாங்கினர். பள்ளிகள் திறந்தன. தொலைபேசிகள் வீட்டிலேயே தங்கிவிட்டன. நான் முதலிற் கூறிய தாயார், அவற்றை ஆடம்பரத்துக்காக வாங்கியவரல்லர்.

2022 ஆம் ஆண்டு மின்வெட்டு வந்தது. மார்ச் மாத முடிவில் ஒரு நாளிற் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் இல்லை. தொலைபேசிகள் ஒவ்வொன்றாய் அணைந்தன. முற்றத்தில் மீண்டும் பிள்ளைகளின் கூச்சல் கேட்டதென்று பலர் சொல்லக் கேட்டேன். அதற்காக அக்காலத்தைப் புகழ்வது பொருந்தாது. மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் மக்கள் வரிசையில் நின்ற காலம் அது.

கருவி அருகில் இருப்பதே பேச்சைக் குறைக்குமா என்பதும் சோதிக்கப்பட்ட ஒன்று. இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் 2013 இல் வெளியிட்ட ஆய்வில், இருவர் பேசுமிடத்துக்கு அருகே எவரும் தொடாத தொலைபேசி ஒன்று இருந்தாலே, மனம் விட்டுப் பேசும் நெருக்கம் குறைந்தது என்றனர். பின்னர் வேறு ஆய்வாளர் அச்சோதனையை மீண்டும் நடத்தியபோது அதே விளைவு கிட்டவில்லை. ஆகவே இதனை முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது. என் கண்ணுக்குத் தொலைபேசியைக் காட்டிலும் பெரிய வேலியாய்த் தோன்றுவது காதிலே மாட்டும் இயர்போன்தான். திரையைப் பார்ப்பவனிடம் பேசினால், ஒரு முனகலாவது கிடைக்கும். காதை அடைத்தவன் அருகிலிருந்தும் இல்லாதவனே.

வாவியின் பாடுமீன் ஓசையைக் கேட்கச் செல்வோர் செய்யும் ஒரு செயல் இங்கே நினைவுக்கு வருகின்றது. நிலாக் காலத்தில், கல்லடிப் பாலத்துக்கு அருகே தோணியை அசையாமல் நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி, மறுமுனையைக் காதோடு வைப்பர். அதுவும் ஒருவருக்கே கேட்கும் கருவிதான்! ஆனால் கேட்டவன் அதைத் தன்னிடமே வைத்துக்கொள்வதில்லை. "கேட்குதா?" என்று கேட்டு, அடுத்தவனிடம் கொடுக்கின்றான். அவனுக்குக் கேட்கவில்லையென்றால் அங்கே ஒரு விவாதம் பிறக்கின்றது.

பகிர்ந்துகொள்வதே என்றும் நன்று என்று நான் வாதிடுவதாக எண்ணவேண்டாம். வளர்ந்த பெண்ணொருத்தியின் தொலைபேசியைத் தம்பி பறித்து, அவளுக்கு யார் யார் எழுதுகின்றனர் என்று ஆராய்வதும் பகிர்வு என்ற பெயரில்தான் நடக்கின்றது. அவளைக் காப்பதாக அவன் நினைக்கின்றான். அவளோ அன்றுமுதல் அவனிடம் எதையும் சொல்வதில்லை. பதினெட்டு வயது நிரம்பிய பெண்ணுக்குத் தனக்கென ஒரு தொலைபேசியும் அதற்கொரு மறைசொல்லும் இருப்பது நியாயமே. வீடே பெண்ணுக்கு உரியது என்று ஒப்புக்கொண்ட ஒரு சமூகம், ஒரு சிறு கருவியை அவளுக்கு மறுப்பது விந்தையல்லவா?

கருவியாற் பேச்சு வளர்ந்த வீடுகளும் உள. கத்தாரிலே கட்டட வேலை செய்யும் ஓர் அண்ணன், தங்கையின் வீட்டுக்குப் பணம் அனுப்புகின்றான் எனக் கொள்வோம். முன்னாளில் அவன் பணத்தை அனுப்பிவிட்டு, இரண்டு ஆண்டுகளின் பின் வந்துதான் வீட்டைக் காண்பான். கூரை தாழ்ந்திருந்தால் மனத்தாபம். செலவு மிகுந்திருந்தால் ஐயம். இன்று அத்திவாரம் வெட்டும் நாள்முதல் ஒவ்வொரு கல்லும் படமாக அவனுக்குச் செல்கின்றது. யன்னலை எந்தப் பக்கம் வைப்பது என்று, கொழும்பிலுள்ள அக்காவும் கொக்கட்டிச்சோலையிலுள்ள தங்கையும் அவனும் ஒரே குழுவில் இரவெல்லாம் குரற்செய்தி அனுப்பி வழக்காடுகின்றனர். அச்செய்திகளை எழுத்தாக அனுப்பாமற் குரலாகவே அனுப்புவது கவனிக்கத்தக்கது. மட்டக்களப்புப் பேச்சின் நீட்டலும் குழைவும் அதிற் கெடாமற் செல்கின்றன. இங்கேயும் பழைய விதியே செயற்படுகின்றது. கருவிகள் மூன்று, ஆனால் பொருள் ஒன்று. ஒரு வீட்டை மூவரும் பகிர்ந்து கட்டவேண்டியிருப்பதால், மூவரும் பேசியே தீரவேண்டியிருக்கின்றது.

வீட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கும் அத்தகைய பொதுப்பொருள் ஒன்றை ஆக்கிக்கொடுப்பது இயலாததன்று. தொலைபேசிகளுக்கு மின்னேற்றும் இடத்தை அறைகளுக்குள் வைக்காமல் விறாந்தையில் ஓரிடத்தில் வைத்த வீடொன்றை நான் அறிவேன். இரண்டு செருகிகளே அங்குண்டு, தொலைபேசிகள் நான்கு. இரவு எட்டு மணிக்கு அங்கே நடக்கும் வழக்கை நீங்கள் கேட்கவேண்டும்.

ஏறாவூரை அடுத்த ஓரூரில், தாய் சவூதியிலிருக்கும் இன்னொரு வீட்டுக்குச் சென்ற ஆண்டு போயிருந்தேன். மூன்று பிள்ளைகள், மூத்தவளுக்குப் பதினெட்டு வயது. அவள் தாயோடு பேசி ஓர் ஏற்பாடு செய்திருந்தாள். மற்ற நாட்களில் யாரும் எப்போதும் தாயோடு தனியே பேசலாம். தாய்க்கு ஓய்வு கிடைக்கும் வெள்ளிக்கிழமை இரவில் மட்டும் ஒரே ஒரு தொலைபேசி. அதைத் தண்ணீர்ச் செம்பின்மேற் சாய்த்து நிறுத்தி, ஒலியைக் கூட்டி வைத்துவிட்டு, மூவரும் பாயில் அமர்ந்துகொள்வர். நான் சென்றது அத்தகைய ஓர் இரவில். இளையவன் தன் சைக்கிள் பழுதாகிவிட்டதென்று தாயிடம் முறையிடத் தொடங்கினான். அக்கா இடைமறித்து, அது தானாகப் பழுதாகவில்லை, பெரியம்மா வீட்டு வேலியில் இவன் கொண்டுபோய் மோதியது என்றாள். நடுப்பிள்ளை, வேலியில் அன்று, மதகில் என்று திருத்தினாள். எந்த நாள், யார் ஓட்டினார், பின்னால் இருந்தது யார் என்று மூவருக்கும் வாக்குவாதம் மூண்டுவிட்டது. ஒருவரும் திரையைப் பார்க்கவில்லை. தாயார் ஒன்றும் சொல்லவில்லை. கன்னத்திற் கையை ஊன்றிக் கேட்டுக்கொண்டே இருந்தார்.